பதக்கத்தை வைத்து நிர்வாகத்தை எடை போடாதீர்கள்

டோக்கியோவில் ஒரு வெண்கலம், பாரிஸில் இன்னொரு வெண்கலம். 1968, 1972-க்குப் பிறகு இந்திய ஆண்கள் ஹாக்கி அணி அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியது இப்போதுதான். அந்தப் பதக்கங்கள் வந்த நாளிலிருந்து ஒரு கருத்து கெட்டிப்பட்டுவிட்டது. விளையாட்டை நிர்வகிக்கும் ஹாக்கி இந்தியா கையை இறுக்கிப் பிடித்தது, வெற்றி காட்டாத பயிற்சியாளரை யார் எவர் என்று பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பியது, அதனால்தான் சிதைந்து கிடந்த அணி எழுந்து நின்றது என்கிறார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் இதைக் கேட்கலாம், விளையாட்டுப் பக்கங்களில் படிக்கலாம். நிர்வாகிகளே இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இந்தக் கருத்து தவறு. அதோடு, அடுத்த பத்து ஆண்டுக்கு நம் ஹாக்கியைக் கெடுக்கக்கூடிய தவறு. மறுபடி கட்டப்படும் ஓர் அணியின் நிர்வாகத்தை அளக்கப் பதக்கம் உதவாது. எடுத்த முடிவை, அதை எடுத்த அன்று கையில் இருந்த தகவலோடு சேர்த்து வைத்துத்தான் அளக்க வேண்டும். அப்படி அளந்தால் இந்த நிர்வாகத்தின் கணக்கு வேறு மாதிரி வருகிறது. பாராட்ட வேண்டிய இடங்களும் வேறாக வருகின்றன.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வோம். 2008 மார்ச்சில் சிலியின் சாந்தியாகோவில் நடந்த தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டத்தில் இந்தியா பிரிட்டனிடம் 0–2 என்று தோற்றது. 1928 முதல் ஒரு ஒலிம்பிக்கைக்கூட விடாத அணி பெய்ஜிங்குக்குப் போகவில்லை. அடுத்த மாதமே, ஒரு தொலைக்காட்சியின் ரகசியப் படப்பிடிப்பில் வெளிவந்த லஞ்சப் புகாரைத் தொடர்ந்து, பழைய சம்மேளனத்தை இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்தது. 2009-இல் ஹாக்கி இந்தியா பிறந்தது. 2012 லண்டனில் ஆறு ஆட்டத்திலும் தோற்றுப் பன்னிரண்டாவது, அதாவது கடைசி இடம். அங்கிருந்து 2014-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம், 2016-இல் சாம்பியன்ஸ் டிராஃபியில் வெள்ளி, 2021-இலும் 2024-இலும் ஒலிம்பிக் வெண்கலம். இதை ஏற்றம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்த ஏற்றம் முழுவதும் ஒரே அமைப்பின் கீழ் நடந்தது. அந்த அமைப்பு பயிற்சியாளர்களைச் சட்டை மாற்றுவது போல மாற்றிக்கொண்டே இருந்தது. ஆகவே மாற்றியதால் ஏறியது என்கிறார்கள்.

இதில் உள்ள 'ஆகவே' எங்கிருந்து வந்தது? காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. பயிற்சியாளரைத் தூக்கியெறியும் பழக்கத்தை ஹாக்கி இந்தியா கண்டுபிடிக்கவில்லை. பழைய சம்மேளனத்திடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. 1998-இல் பாங்காக்கில் இந்தியா 32 ஆண்டுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கத்தை வென்றது. ஊர் திரும்பியதும் நடந்தது என்ன? பயிற்சியாளர் எம்.கே. கௌசிக் நீக்கப்பட்டார். அணித்தலைவர் தன்ராஜ் பிள்ளை, கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் உள்ளிட்ட முன்னணி வீரர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். 2001-இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் நம் இளைஞர்கள் ஜூனியர் உலகக் கோப்பையை வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவை 6–1 என்று நொறுக்கிய தலைமுறை அது. ககன் அஜித் சிங், தீபக் தாக்கூர், ஜுக்ராஜ் சிங் எல்லாம் அதில் இருந்தவர்கள். அவர்களை வளர்த்த ராஜிந்தர் சிங் சீனியர் அணிக்கும் பயிற்சியாளராகி, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கும்போது நீக்கப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த ஜெர்மானியர் கெர்ஹார்ட் ராக்குக்கு வீரர்களின் பெயரை மனத்தில் பதித்துக்கொள்ளவே நேரம் இருந்திருக்காது. ஏதென்ஸில் ஏழாவது இடம். அதன்பிறகும் ஆள் மாற்றம் நிற்கவில்லை. 1980 மாஸ்கோ தங்க அணியின் தலைவரான நம் சென்னைக்காரர் வி. பாஸ்கரனும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். 2006 உலகக் கோப்பையில் பதினொன்றாவது இடம்தான் கிடைத்தது. அதே ஆண்டு தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அரையிறுதிக்குக்கூட வராமல் ஐந்தாவது. பிறகு சாந்தியாகோ. தயவுதாட்சண்யம் இல்லாமல் பயிற்சியாளரை மாற்றுவதுதான் மருந்து என்றால், அந்த மருந்தைப் பத்தாண்டு குடித்துத்தான் நோயாளி படுக்கையில் விழுந்தார். ஒரே செய்கை முன்னால் சரிவையும் பின்னால் ஏற்றத்தையும் தந்தது என்றால், ஏற்றத்துக்குக் காரணம் அந்தச் செய்கையாக இருக்க முடியாது. வேறு எதையோ தேட வேண்டும்.

ஹாக்கி இந்தியா காலத்துப் பட்டியலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 2009-இல் ஸ்பெயினின் ஹோசே பிராசா, 2011-இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் நாப்ஸ், 2013-இல் டெர்ரி வால்ஷ், 2015 தொடக்கத்தில் நெதர்லாந்தின் பால் வான் ஆஸ், அதே ஆண்டு ஜூலையில் ரோலன்ட் ஓல்ட்மன்ஸ், 2017-இல் ஷோர்ட் மரைன், 2018-இல் ஹரேந்திர சிங், 2019-இல் கிரஹாம் ரீட். இடைக்காலப் பொறுப்பாளர்களை விட்டுவிட்டாலும் பத்து ஆண்டில் எட்டுப் பேர். வெற்றி காட்டாதவர்களைத்தான் மாற்றினார்கள் என்ற கூற்று இந்தப் பட்டியலிலேயே உடைகிறது. வால்ஷின் அணி 2014 அக்டோபரில் இஞ்சியோனில் பாகிஸ்தானை ஷூட் அவுட்டில் வென்று ஆசியத் தங்கத்தையும், அதோடு ரியோ ஒலிம்பிக்குக்கு நேரடி இடத்தையும் வாங்கியது. இரண்டு மாதம் முடிவதற்குள் வால்ஷ் விலகிவிட்டார். ஊதியமும் அதிகார வரம்பும்தான் பிரச்சினை. அவருக்குப் பின் வந்த வான் ஆஸ் முழுதாக ஆறு மாதம்கூட இருக்கவில்லை. ஆண்ட்வெர்ப்பில் ஒரு போட்டியின்போது ஹாக்கி இந்தியா தலைவரோடு மைதானத்தில் ஏற்பட்ட வாக்குவாதத்தை ஒட்டிய சர்ச்சையில் போனார். பதக்கம் வாங்கித் தந்தவரைத் தக்கவைத்துக்கொள்ள முடியாத நிர்வாகத்துக்கு, பதக்கத்தைக் காட்டி நற்சான்று தருவது எந்த நியாயம்?

ஓல்ட்மன்ஸின் கதை இன்னும் தெளிவானது. அவர் 2013-இல் உயர்செயல்திறன் இயக்குநராக வந்தவர். மூன்று பயிற்சியாளர்கள் வந்து போனபோதும் அவர் இருந்தார். பிறகு தானே பயிற்சியாளரானார். 2016 ஜூனில் லண்டனில் சாம்பியன்ஸ் டிராஃபி வெள்ளி. அந்தப் போட்டியில் 34 ஆண்டுக்குப் பிறகு வந்த பதக்கம் அது. ரியோவில் காலிறுதி வரை போய் பெல்ஜியத்திடம் தோற்றது அணி. 2017 கோடையில் லண்டனில் நடந்த உலக லீக் அரையிறுதிச் சுற்றில் மலேசியாவிடமும் கனடாவிடமும் தோற்று ஆறாவதாக முடித்தது. மோசமான போட்டி, சந்தேகமே இல்லை. ஆனால் உலகக் கோப்பை பதினைந்து மாதம் தள்ளி இருந்தது. செப்டம்பர் 2-ஆம் தேதி அவரை நீக்கினார்கள். அக்டோபர் 22-ஆம் தேதி அதே வீரர்கள் டாக்காவில் ஆசியக் கோப்பையை வென்றார்கள். புதிதாக வந்த மரைன் அந்த ஏழு வாரத்தில் ஒரு புது அணியைக் கட்டிவிட்டார் என்று ஹாக்கி தெரிந்த எவரும் சொல்லமாட்டார். ஓல்ட்மன்ஸ் விதைத்ததை மரைன் அறுத்தார். டிசம்பரில் புவனேஸ்வரத்தில் உலக லீக் இறுதிச் சுற்றில் ஜெர்மனியை வென்று வெண்கலமும் வந்தது. எனினும் 2018 ஏப்ரலில் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நான்காவதாக வந்ததும் மரைனை ஆண்கள் அணியிலிருந்து எடுத்துப் பெண்கள் அணிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த ஹரேந்திரரை இங்கே கொண்டுவந்தார்கள். எட்டு மாதம். ஒரு தங்கம், ஒரு வெண்கலம், ஒரு நான்காமிடம். அவ்வளவில் ஒரு மனிதரின் தகுதி முடிவாகிவிட்டது.

அந்த மரைனுக்கு அடுத்து என்ன ஆனது என்பதை இந்த விவாதத்தில் யாரும் எடுப்பதில்லை. பெண்கள் அணியோடு அவர் டோக்கியோ வரை இருந்தார். மூன்று ஆண்டுக்கு மேல் தொடர்ந்து ஒரே அணி, ஒரே முகாம். ரியோவில் பன்னிரண்டாவதாக வந்த பெண்கள் டோக்கியோவில் காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1–0 என்று வென்று, வெண்கல ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3–4 என்று கடைசிவரை போராடித் தோற்று நான்காவதாக வந்தார்கள். இந்தியப் பெண்கள் அணி அதற்கு முன் ஒலிம்பிக் அரையிறுதிக்கு வந்ததே கிடையாது. ஆண்கள் அணிக்குத் தகுதியில்லாதவர் என்று எட்டு மாதத்தில் தீர்ப்பு எழுதப்பட்ட அதே ஆள்தான் இதைச் செய்தார். அவர் திறமை இடையில் மாறவில்லை. அவருக்குக் கிடைத்த காலம் மாறியது. ஹரேந்திரரும் அப்படித்தான். 2013-இல் டெல்லியில் பத்தாவதாக முடித்த ஜூனியர் அணியை வாங்கி, இரண்டு ஆண்டுக்கு மேல் கூடவே இருந்து, 2016 டிசம்பரில் லக்னோவில் பெல்ஜியத்தை 2–1 என்று வென்று உலகச் சாம்பியனாக்கினார். அவருக்கே சீனியர் அணி கிடைத்தபோது ஒன்பது மாதத்துக்குள் மூன்று பெரிய போட்டிகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதில் ஒன்று சாம்பியன்ஸ் டிராஃபி வெள்ளி. இன்னொன்று ஆசியப் போட்டி அரையிறுதியில் ஷூட் அவுட்டில் தோற்று வந்த வெண்கலம். மற்றது உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்திடம் 1–2 தோல்வி.

ரீட் வந்தது 2019 ஏப்ரலில். அவர் காலத்தில்தான் டோக்கியோ பதக்கம் வந்தது. அந்தப் பதக்கத்தைப் புரிந்துகொள்ள 2020-ஐப் பார்க்க வேண்டும். அந்த பிப்ரவரியில் புவனேஸ்வரத்தில் ஆஸ்திரேலியாவோடு புரோ லீக் ஆட்டங்கள். அதற்குப் பிறகு பெருந்தொற்று. அடுத்த சர்வதேச ஆட்டம் 2021 பிப்ரவரி கடைசியில், ஜெர்மனிப் பயணத்தில்தான். முழுதாக ஒரு வருடம் இந்திய அணி ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஊரடங்கில் வீரர்களும் பயிற்சியாளரும் பெங்களூருவில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) வளாகத்திலேயே மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். வெளியே போக முடியாத அந்த நாட்களில் உடற்தகுதியை மட்டும் இடைவிடாமல் கவனித்தார்கள். முன்பு ஆடிய ஆட்டங்களின் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளவும் அப்போதுதான் நேரம் கிடைத்தது. அந்த ஒரு வருடத்தில் பயிற்சியாளரை நீக்குவதற்குக் காரணமாகக் காட்ட ஒரு தோல்வியும் இல்லை, ஆறாமிடமும் இல்லை. 2009-க்குப் பிறகு இந்திய அணியின் பயிற்சியாளர் ஒருவருக்கு அதுவரை வாய்க்காத அமைதி அது. நிர்வாகத்தின் கைக்கு எட்டாத ஒரு நோய் அதைக் கொடுத்தது. இரக்கமற்ற கண்டிப்பால் டோக்கியோ வந்தது என்பவர்கள், அந்தக் கண்டிப்பு செயல்படவே வழியில்லாத வருடத்தில்தான் அணி உருவானது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதக்கம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கும் பொருள் என்பதையும் டோக்கியோவே காட்டியது. குழு ஆட்டத்தில் ஆஸ்திரேலியா நம்மை 7–1 என்று அடித்தது. பதினோரு நாள் கழித்து, 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, ஜெர்மனிக்கு எதிரான வெண்கல ஆட்டத்தில் 1–3 என்று பின்தங்கியிருந்து 5–3 என்று முன்னேறினோம். பிறகு 5–4. ஆட்டம் முடிய ஏழு வினாடிகூட இல்லாதபோது ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கார்னர். ஓடி வந்தவர்களின் மட்டைகளையும் கால்களையும் தாண்டிப் பந்து கோலை நோக்கி வந்தது. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். தடுக்காமல் போயிருந்தால் 5–5, பிறகு ஷூட் அவுட், யார் வேண்டுமானாலும் வென்றிருக்கலாம். நிர்வாகம் எடுத்த முடிவுகளில் ஒன்றுகூட அந்த ஏழு வினாடியில் மாறியிருக்காது. ஆனால் பந்து உள்ளே போயிருந்தால் இன்று அந்த முடிவுகளை எல்லாரும் கரித்துக்கொட்டிக்கொண்டிருப்பார்கள். மறுபக்கமும் நடந்தது. 2023 ஜனவரியில் புவனேஸ்வரம் உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக 3–1 என்று முன்னணியில் இருந்து 3–3 ஆகி, ஷூட் அவுட்டில் தோற்றுக் காலிறுதிக்கே வரவில்லை இந்தியா. டோக்கியோ பதக்கத்தைத் தந்த ரீட் சில நாளில் விலகினார். ஒரு தடுப்பால் மேதையாகி ஒரு ஷூட் அவுட்டால் தோற்றவராகும் மனிதர், ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் இருக்கும் தற்செயலை மட்டுமே அளந்து காட்டுகிறார்.

பாரிஸ் பதக்கம் எதிர்த்தரப்புக்கு இன்னும் பெரிய சிக்கல். ரீடுக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் கிரெய்க் ஃபுல்டன் வந்தார். 2023 ஆகஸ்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில், இறுதி ஆட்டத்தில் 1–3 என்று பின்தங்கியிருந்து மலேசியாவை 4–3 என்று வென்ற ஆசியச் சாம்பியன்ஸ் டிராஃபியும், பிறகு ஹாங்சோவின் ஆசியத் தங்கமும் அவர் கணக்கில் உண்டு. ஆனால் பாரிஸுக்கு நான்கு மாதம் முன்பு, 2024 ஏப்ரலில், பெர்த்தில் ஆஸ்திரேலியாவிடம் ஐந்து ஆட்டத் தொடரை 0–5 என்று முழுதாகத் தோற்றார். பழைய விதி நடைமுறையில் இருந்திருந்தால் அந்த மாதமே அவர் விமானம் ஏறியிருப்பார். கனடாவிடம் தோற்றதற்கு ஓல்ட்மன்ஸைத் தூக்கியவர்கள் ஐந்துக்கு ஐந்து தோற்றவரை விட்டிருப்பார்களா? ஆனால் இந்த முறை விட்டார்கள். 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பும் நிர்வாகிகள் குழுவும் வந்துபோன பிறகு பொறுப்பேற்ற திலீப் திர்க்கியின் நிர்வாகம் அவரை மாற்றவில்லை. பாரிஸில் அதே ஆஸ்திரேலியாவை 3–2 என்று வென்றோம். 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் அவர்களை வென்றது அதுவே முதல் முறை. காலிறுதியில் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேராக நின்று பிரிட்டனைச் சமாளித்தோம். பயிற்சியாளரை மாற்றாமல் இருந்ததன் பலன் அது. அதைக் கண்டிப்பின் வெற்றி என்று எழுதுகிறவர்கள் ஆதாரத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். 2025 கோடையில் ஐரோப்பாவில் புரோ லீக் ஆட்டங்கள் ஏழை வரிசையாகத் தோற்றபோதும் ஃபுல்டனை வைத்துக்கொண்டது நல்ல முடிவு. செப்டம்பரில் ராஜ்கீரில் ஆசியக் கோப்பை வந்திருக்காவிட்டாலும் அது நல்ல முடிவாகத்தான் இருந்திருக்கும்.

ஹரேந்திரரை நீக்கியிருக்காவிட்டால் ரீட் வந்திருக்கவே மாட்டாரே என்று கேட்பார்கள். உண்மைதான். எட்டுப் பேரை மாற்றினால் ஒருவர் பொருந்தி வரக்கூடும். அப்படிப் பொருந்தி வந்தவரை மட்டும் எண்ணிவிட்டு, போனவர்களோடு போன காலத்தை எண்ணாமல் விடுவதுதான் இந்த வாதத்தின் ஓட்டை. ஒவ்வொரு மாற்றத்திலும் தடுப்பாட்ட அமைப்பு மாறும், பெனால்டி கார்னரில் யார் நிற்பது என்பது மாறும், உணவுப் பட்டியல்கூட மாறும். வீரர் ஒருவரின் உச்ச காலம் ஏழெட்டு ஆண்டு. அதில் நான்கு பேரிடம் நான்கு விதமாகக் கற்றுக்கொண்டு பழையதை மறப்பதிலேயே பாதி கழிகிறது. மேலும் ரீடைக் கொண்டுவந்தது மட்டும் டோக்கியோவைத் தரவில்லை. டோக்கியோ அணியில் ஹர்மன்பிரீத், மன்தீப், வருண் குமார், சுமித், நீலகண்ட சர்மா, குர்ஜந்த், சிம்ரன்ஜித் ஆகியோர் லக்னோவின் ஜூனியர் அணியிலிருந்து வந்தவர்கள். லக்னோ இறுதி ஆட்டத்தில் கோல் போட்ட சிம்ரன்ஜித்தான் டோக்கியோ வெண்கல ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார். இந்தத் தொடர்ச்சியின் வேர் பயிற்சியாளர் மாற்றங்களுக்குக் கீழே, கண்ணில் படாத ஜூனியர் முகாமில் இருந்தது.

பெல்ஜியத்தைக் காட்டும் மறுப்பு இதைவிட வலுவானது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. பெய்ஜிங் 2008-இலிருந்து ரியோ 2016 வரை பெல்ஜியமும் ஐந்து பயிற்சியாளர்களைப் பார்த்தது. ஆனாலும் பெய்ஜிங்கில் ஒன்பதாவது, லண்டனில் ஐந்தாவது, ரியோவில் வெள்ளி, 2018-இல் உலகக் கோப்பை, டோக்கியோவில் தங்கம் என்று படிப்படியாக ஏறியது. அப்படியானால் நிலைத்தன்மை தேவையில்லையா? தேவை. ஆனால் அது பயிற்சியாளர் நாற்காலியில் மட்டும் இருக்கும் பொருள் அல்ல. பெல்ஜியத்தில் 2000-களின் நடுவில் போட்ட இளையோர் திட்டம் பயிற்சியாளர் மாறியதால் மாறவில்லை. கிளப்புகளிலிருந்து பதினைந்து பதினாறு வயதில் எடுத்தவர்களே பத்தாண்டு கழித்து உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். புதிதாக வருகிறவர் ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாட்டுக்குள் நுழைந்தார். இங்கே ஒவ்வொருவரும் வெறும் தரையில் கோடு போட்டுத் தொடங்கினார்கள். ஓல்ட்மன்ஸ் இங்கே இருந்த நாலரை ஆண்டுதான் விதிவிலக்கு. அந்தக் காலத்தில்தான் லக்னோ ஜூனியர்களும் வந்தார்கள், சாம்பியன்ஸ் டிராஃபி வெள்ளியும் வந்தது. அதோடு பெல்ஜியத்துக்கு உலகக் கோப்பையும் ஒலிம்பிக் தங்கமும் வந்தது 2015-இலிருந்து 2021 வரை தொடர்ந்து இருந்த ஷேன் மெக்லவுடின் காலத்தில்தான். ஆகவே பெல்ஜியம் என் வாதத்தை உடைக்கவில்லை. எங்கே நிலைத்தன்மை வேண்டும் என்பதைக் கூர்மையாக்கித் தருகிறது.

பணம்தான் காரணம், 2018-இல் ஒடிசா அரசு புரவலராக வந்ததால்தான் எல்லாம் என்பவர்களுக்கு ஒரே பதில்: அதே பணம்தான் பெண்கள் அணிக்கும் போனது. அதற்கு என்ன ஆயிற்று என்பதற்குப் பிறகு வருகிறேன்.

யாரையும் நீக்கவே கூடாது என்றால் பொறுப்புக் கேட்பது எப்படி என்ற கேள்வி நியாயமானது. நீக்கலாம். ஆனால் எதற்காக என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். அளக்க வேண்டியவை வேறு. ஒரு நல்ல முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பை எடுத்துக்காட்டு. இந்தியா நடப்புச் சாம்பியன். மூத்தவர்களை வீட்டில் வைத்துவிட்டு, சர்தார் சிங்கின் பொறுப்பில் புது முகங்கள் நிறைந்த அணியை அனுப்பினார்கள். நம் அரியலூர் செல்வம் கார்த்தியும் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அதில் ஒன்றாக ஆடினார்கள். முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கார்த்தி கோல் போட்டார். அணி வெண்கலத்தோடு திரும்பியது. பதக்கக் கணக்குப்படி தங்கம் வெண்கலமாகத் தேய்ந்த தோல்வி அது. ஆனால் அந்த வெண்கல ஆட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக ஒரே கோலைப் போட்ட ராஜ்குமார் பால், இரண்டு ஆண்டு கழித்துப் பாரிஸ் காலிறுதி ஷூட் அவுட்டில் பிரிட்டனுக்கு எதிராக வெற்றியை உறுதி செய்த கடைசி வாய்ப்பை எடுத்தார். நிர்வாகம் துணிந்து எடுத்த முடிவு அது. தோற்றாலும் பரவாயில்லை என்று எடுத்ததால்தான் அது பலன் தந்தது. பதக்கத்தால் மட்டும் மதிப்பிடப்படும் நிர்வாகிக்கு இனி அப்படி ஒரு அணியை அனுப்ப மனம் வராது.

பதக்கம் மறைக்கும் பலவீனத்தையும் பாருங்கள். பாரிஸில் இந்தியா போட்டது 15 கோல். அதில் 10 ஹர்மன்பிரீத் சிங்குடையவை, பெரும்பாலும் பெனால்டி கார்னரிலிருந்தும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலிருந்தும். மற்ற எல்லாரும் சேர்ந்து எட்டு ஆட்டத்தில் ஐந்து கோல். ஒரு டிராக் ஃபிளிக்கரின் மணிக்கட்டில் தொங்கும் அணி வெண்கலம் வாங்கலாம். அந்த மணிக்கட்டு வலித்தால் என்ன செய்வது என்று யோசிப்பதுதான் நிர்வாகத்தின் வேலை. ஸ்ரீஜேஷ் பாரிஸோடு விடைபெற்றுவிட்டார். பதினெட்டு ஆண்டு கோலைக் காத்தவரின் இடத்துக்கு எத்தனை ஆண்டு முன்பிருந்து ஆள் வளர்த்தார்கள், முன்களத்தில் வட்டத்துக்குள் நின்று கோல் போடுகிறவர்களை எந்த வயதில் தேடுகிறார்கள் என்பவைதான் கேட்க வேண்டியவை. ஜூனியர் உலகக் கோப்பையில் 2021-இலும் 2023-இலும் நான்காவது, 2025-இல் சென்னையும் மதுரையும் நடத்திய போட்டியில் வெண்கலம். 2016-இன் தங்கத்தோடு ஒப்பிட்டால் இது இறக்கம் போலத் தெரியும். தொடர்ந்து மூன்று முறை அரையிறுதி என்று பார்த்தால் ஊற்று வற்றவில்லை என்று தெரியும். அந்தப் பையன்களில் எத்தனை பேர் 2028 லாஸ் ஏஞ்சலஸ் அணியில் நிற்கிறார்கள் என்பது ஒரு இறுதி ஆட்டத்தின் முடிவைவிட நிர்வாகத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

இப்போது பெண்கள் அணி. டோக்கியோவின் நான்காமிடத்துக்குப் பின் மரைன் போனார். துணைப் பயிற்சியாளராக இருந்த யானேக் ஷாப்மன் பொறுப்பேற்றார். 2022 காமன்வெல்த் வெண்கலம், ஹாங்சோவில் ஆசிய வெண்கலம். 2024 ஜனவரியில் ராஞ்சியில், சொந்த மைதானத்தில், ஜப்பானிடம் 0–1 என்று தோற்றுப் பாரிஸ் வாய்ப்பை இழந்தது அணி. அடுத்த மாதம், தனக்கு மதிப்பில்லை என்று வெளிப்படையாகப் பேசிவிட்டு ஷாப்மன் விலகினார். சில நாளில் நிர்வாகத்தின் தலைமைச் செயல் அதிகாரியும் விலகினார். 2024–25 புரோ லீக்கில் பெண்கள் அணி கடைசி இடத்துக்கு வந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அதே கட்டடம், அதே புரவலர், அதே அலுவலர்கள். ஆண்களின் பாரிஸ் வெண்கலம் இந்த நிர்வாகத்தின் திறமைக்குச் சான்று என்றால், பெண்களின் இந்தச் சரிவும் அதே கணக்கில்தான் ஏற வேண்டும். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுத மறுப்பவர்கள் நிர்வாகத்தை மதிப்பிடவில்லை. அடுத்த பெண்கள் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை ஹாக்கி இந்தியா பொதுவில் வைக்கட்டும்: எத்தனை ஆண்டு, எந்த மாதத்தில் மதிப்பீடு, எந்தெந்த வயதுப் பிரிவுகளில் எத்தனை பேர் மேலே வர வேண்டும், அவரை நீக்கும் அதிகாரம் யாருக்கு. அந்த நாலு வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒரு காலிறுதித் தோல்வி வந்த இரவில் யாராலும் அதை அழிக்க முடியாதபடி இருக்கட்டும்.